தொண்ணூற்றேழு கணவர்கள் ஒருவரான கதை: வியட்நாமின் தெற்கு நகர்வு, ஓர் எளிய அறிமுகம்

வியட்நாமின் நடுக்கடற்கரையில் நியா ட்ராங் என்றொரு ஊர் இருக்கிறது. ஆறு கடலைத் தொடும் இடத்தில் ஒரு சிறு குன்று, அதன்மேல் செங்கல் கோபுரங்கள். பெரிய கோபுரத்தின் கருவறையில் பத்துக் கைகளோடு ஒரு கல் தெய்வம் அமர்ந்திருக்கிறாள். போய்ப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கைகள் எல்லாம் கண்ணில் படாது. பட்டு போர்த்தி, கிரீடம் வைத்து, முகத்துக்கு வண்ணமும் பூசியிருப்பார்கள். வாசலின் கல்தூண்களில் பழைய எழுத்து வரிவரியாகப் பொறித்திருக்கிறது. உள்ளே ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது.

இந்த அம்மனுக்கு இரண்டு கதைகள் உண்டு. முதல் கதை இந்தக் கடற்கரையின் பழைய குடிகளான சாம் மக்கள் சொல்வது. அவள் பெயர் போ இனா நாகர், அதாவது நாட்டின் தாய். மேகத்திலும் கடல்நுரையிலும் பிறந்தவள். பூமியைப் படைத்தாள், நெல்லைத் தந்தாள், அகில் மரத்தைத் தந்தாள். அவளுக்குக் கணவர்கள் 97 பேர்.

இரண்டாவது கதை அதே குன்றில் 1856இல் நட்ட கல்லில் இருக்கிறது. எழுதியவர் ஃபான் தான் ஸியான் என்ற வியட்நாமிய உயர் அதிகாரி. இதில் அவள் வேறு பெண். ஒரு வயதான தம்பதியின் பழத்தோட்டத்தில் அகப்பட்ட சிறுமி. அவர்கள் வளர்க்கிறார்கள். ஒருநாள் அகில் கட்டைக்குள் புகுந்து கடலில் மிதந்து வடக்கே போகிறாள். அங்கே ஓர் இளவரசனை மணக்கிறாள். ஒரு மகன், ஒரு மகள். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறாள். கணவன் ஒருவன்தான். பெயரும் மாறிவிட்டது: தியென் இ ஆ நா. அந்தக் கடைசி ‘ஆ நா’வில் மட்டும் ‘இனா’ என்ற பழைய சாம் சொல், அம்மா என்று பொருள்படுவது, ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வியட்நாமியர்கள் வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்த சுமார் எழுநூறு ஆண்டுக் கதையை ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டுமென்றால் நான் இந்த அம்மனைத்தான் காட்டுவேன். வந்தவர்கள் அவளை உடைக்கவில்லை, கும்பிட்டார்கள். கும்பிடுவதற்கு முன் தங்கள் வீட்டுப் பெண்ணாக மாற்றிக்கொண்டார்கள். ‘கலாசாரக் கலப்பு’ என்று சொல்லும்போது கலந்ததும் உண்டு, கரைந்துபோனதும் உண்டு. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்த நகர்வுக்கு வியட்நாமியர்கள் வைத்த பெயர் ‘நாம் தியென்’. தமிழ்க் காதுக்கு ‘நாம்’ என்றதும் வேறெதுவோ தோன்றும். அங்கே அதற்குத் தெற்கு என்று பொருள். தியென் என்றால் முன்னேறுதல். வியட்நாம் என்ற நாட்டுப் பெயரில் இருப்பதும் இதே நாம்தான். பெயர் பழமையாகத் தோன்றினாலும், இந்த முழு வரலாற்றையும் ஒரே சொல்லுக்குள் அடக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. 1069இல் படையெடுத்த அரசனுக்கோ, 1650களில் கைதியாக இழுத்துவரப்பட்ட விவசாயிக்கோ தான் ‘நாம் தியென்’ செய்துகொண்டிருப்பதாகத் தெரியாது. இடையில் பல பத்தாண்டுகள் எதுவும் நகரவில்லை. சில காலம் எல்லை வடக்கு நோக்கியும் தள்ளப்பட்டது. ஒரே திட்டத்தோடு நடந்த அணிவகுப்பாக இதை நினைத்தால் தப்பாகிவிடும்.

வரைபடத்தைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். வடக்கே செவ்வாற்றுக் கழிமுகம், அதன் நடுவில் இன்றைய ஹனோய். வியட்நாமியர்களின் பழைய தாயகம் இதுதான். தெற்கே பெரிய மீகாங் கழிமுகம். இரண்டுக்கும் இடையே மலைத்தொடர் கடலை ஒட்டியே ஓடுவதால், மனிதர் குடியிருக்கத் தோதான நிலம் ஒரு நாடா போல ஒடுங்கிக் கிடக்கிறது. அந்த நாடாவும் இடைவிடாமல் ஓடவில்லை. ஆங்காங்கே மலையின் ஒரு கை கடல்வரை நீண்டு வழியை மறிக்கும். ஹூவேக்கும் டா நாங்குக்கும் நடுவிலுள்ள ஹாய் வான் கணவாய் அப்படி ஒன்று. ஒவ்வொரு கணவாய்க்கு அப்பாலும் ஒரு சிறு ஆற்றுவெளி, கொஞ்சம் நெல்வயல், ஒரு துறைமுகம். எனவே தெற்கே போவது என்பது ஒரு கணவாயைத் தாண்டுவது, அங்கே ஒரு தலைமுறையோ நான்கு தலைமுறையோ தங்குவது, பிறகு அடுத்த கணவாய். வடக்கே ஆட்கள் பெருகிக்கொண்டே இருந்தார்கள், நிலம் பெருகவில்லை. தள்ளிய விசைகளில் பெரியது அது.

அந்த நாடா காலியாகக் கிடக்கவில்லை. அங்கே சம்பா இருந்தது. (சீரகச் சம்பா நினைவுக்கு வந்தால் தப்பில்லை. ஆனால் ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு கொண்டாட வேண்டாம்.) சம்பாவை ஒரே பேரரசு என்பதைவிட, ஆற்றுவெளிக்கு ஒன்றாக இருந்த சிற்றரசுகளின் கூட்டம் என்பதே பொருந்தும். பெயர்களைக் கேட்டாலே நமக்குப் பழகியவைபோல இருக்கும்: இந்திரபுரம், விஜயா, கௌதாரம், பாண்டுரங்கம். மக்கள் பேசியது சாம் மொழி. அது மலாய், ஆச்சே மொழிகளின் சொந்தக்காரி, வியட்நாமிய மொழிக்கு உறவில்லை. அரசர்கள் சிவனை வணங்கினார்கள். மி சன் பள்ளத்தாக்கில் பத்திரவர்மன் தொடங்கிய பத்ரேஸ்வரர் வழிபாடு பல நூற்றாண்டுகள் நீடித்தது. கடல் வணிகம், அகில், அவ்வப்போது கடற்கொள்ளை என்று பிழைத்த நாடு அது. நெல்லிலும் கெட்டி. விரைவில் விளையும், வறட்சி தாங்கும் சம்பா நெல்லின் பெருமை சீனம் வரை போனது. 1012இல் சோங் பேரரசர் அந்த விதையை யாங்சி ஆற்றுப் பகுதி விவசாயிகளுக்கு விநியோகிக்கச் செய்தார்.

முதல் பெரிய நிலமாற்றம் 1069இல். வியட்நாமிய அரசர் லீ தான் தோங் சம்பா மன்னர் ருத்ரவர்மனைச் சிறைப்பிடித்தார். வடகோடியிலிருந்த மூன்று வட்டாரங்களை எழுதிக் கொடுத்துவிட்டு மன்னர் விடுதலையானார். அதற்கு ஒன்பது ஆண்டு முன்பு, 1060இல், இதே அரசர் சம்பாவின் பாடல்களையும் பறை அடவுகளையும் மொழிமாற்றச் செய்து தன் அவைக் கலைஞர்களை ஆடிப் பாட வைத்ததாக வியட்நாமிய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. கலப்பு என்பது தெற்கே குடியேறியவர்களோடு தொடங்கியது என்று நினைத்துவிட வேண்டாம். அது தலைநகரின் அரண்மனைக்குள்ளேயே, சிறைப்பிடித்து வந்த ஆட்டக்காரிகள் வழியாக நுழைந்துவிட்டது.

அடுத்தது ஒரு கல்யாணம். 1306இல் இளவரசி ஹுயென் ட்ரானை சம்பா மன்னர் சே மானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்வெட்டுகளில் இவர் பெயர் ஜெயசிம்மவர்மன். அவர் தந்த சீர் இரண்டு வட்டாரங்கள். இன்றைய ஹூவே அந்த மண்ணில்தான் இருக்கிறது. ஓராண்டுக்குள் மன்னர் இறந்துபோனார். இளவரசியை உடன்கட்டை ஏற்றிவிடுவார்கள் என்று சொல்லி வடக்கிலிருந்து ஆள் அனுப்பி மீட்டுப் போனார்கள். நிலத்தைத் திருப்பித் தரவில்லை. வியட்நாமிய நாட்டுப்பாட்டு ஒன்று, காட்டின் நடுவே நின்ற இலவங்க மரத்தில் கண்டவன் ஏறிவிட்டானே என்று புலம்புகிறது. அது இந்த இளவரசியைப் பற்றியது என்பார்கள். இரண்டு மாவட்டம் வாங்கிய பக்கம்தான் புலம்புகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

சாம் மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. சே போங் ங்கா என்று வியட்நாமியர் அழைக்கும் மன்னர் 1371இல் தலைநகர் தாங் லாங்குக்குள்ளேயே புகுந்து சூறையாடினார். அதுதான் இன்றைய ஹனோய். 1377இல் தன்மேல் படையெடுத்து வந்த வியட்நாமிய அரசரைக் களத்திலேயே கொன்றார். 1390இல் கப்பலில் வைத்து அவரைப் பீரங்கிக் குண்டு வீழ்த்தியிராவிட்டால் இந்தக் கட்டுரை வேறு திசையில் போயிருக்கலாம்.

முதுகெலும்பு முறிந்தது 1471இல். லே தான் தோங் என்ற பேரரசர் பெரும்படையோடு வந்து விஜயாவைப் பிடித்தார். வெட்டிய தலைகள் 40,000க்கு மேல், சிறைப்பிடித்தவர்கள் 30,000க்கு மேல் என்று வென்றவர்களின் ஏடே எழுதி வைத்திருக்கிறது. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம், ஆனால் பெருமையாக எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அதன்பின் சம்பா என்று மிஞ்சியது தெற்கே கௌதாரமும் பாண்டுரங்கமும்தான்.

இதுவரை அரசர்களின் கதை. சாதாரண மக்கள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே போனது இதற்குப் பிறகு, ஒரு குடும்பச் சண்டையால். 16ஆம் நூற்றாண்டில் அரசர் பெயருக்கு அரியணையில் இருக்க, ட்ரின் குடும்பம் அதிகாரத்தைக் கையில் எடுத்தது. போட்டிக் குடும்பமான நுயென்களில் இளையவர் நுயென் ஹோவாங். தன் அண்ணன் செத்ததற்கு ட்ரின்களே காரணம் என்று சந்தேகித்தவர், தன் உயிருக்கும் பயந்து, தெற்கு எல்லையை ஆளப் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு 1558இல் கிளம்பினார். ஊர்க்காரர்கள் பலர் பின்னால் போனார்கள். எல்லைப்புறக் காடு, காய்ச்சல் பூமி, போனால் திரும்ப மாட்டான் என்றுகூட ட்ரின்கள் நினைத்திருக்கலாம். திரும்பாதது உண்மைதான். அவர் வாரிசுகள் அங்கே தனி நாடே நடத்தினார்கள். 1627 முதல் 1672 வரை இரண்டு குடும்பமும் மோதிப் பார்த்து, கடைசியில் சியான் ஆறு எல்லையாக நின்றது.

வடக்கே வழி அடைபட்டவர்கள் தெற்கே திறந்தார்கள். 1611, 1653, 1693 என்று ஒவ்வொரு படியாகச் சம்பாவின் எஞ்சிய நிலம் கைமாறியது. நியா ட்ராங் குன்று அவர்கள் கைக்குப் போனது 1653இல். போனவர்கள் யார்? நிலமில்லாதவர்கள், படைவீரர்கள், தண்டனைக்குத் தப்பியவர்கள். போர்க்கைதிகளும் உண்டு. வடக்குப் படையில் பிடிபட்டவர்களைக் கொல்லாமல், புதுமண்ணில் குடியேற்றி ஏர் பிடிக்க வைத்தார்கள். அப்படி 1650களில் வடக்கே நே ஆன் பகுதியிலிருந்து இழுத்துவரப்பட்ட ஒரு குடும்பத்தின் வாரிசுகள்தான் தை சன் சகோதரர்கள். 1771இல் அவர்கள் தொடங்கிய கலகம் நுயென் ஆட்சியையே தூக்கி எறிந்தது.

மீகாங் கழிமுகத்தின் கதை வேறு மாதிரி. அது கெமர் மண், கம்போடியாவுக்கு உட்பட்டது. ஆட்கள் குறைவு, சதுப்பும் கொசுவும் முதலையும் அதிகம். இங்கேயும் முதலில் வந்தது கல்யாணம்தான். 1620இல் நுயென் இளவரசி ஒருத்தியைக் கம்போடிய மன்னர் இரண்டாம் செய் செத்தா மணந்தார். மூன்று ஆண்டு கழித்து பிரே நொகோர் என்ற கெமர் ஊரில் வியட்நாமியச் சுங்கச்சாவடி வந்தது. அந்த ஊரைத்தான் நாம் சைகோன் என்கிறோம். 1679இல் இன்னொரு தரப்பு வந்து சேர்ந்தது. சீனத்தில் மிங் அரசு கவிழ்ந்தபின் மஞ்சூக்களுக்குப் பணிய மறுத்த சுமார் 3,000 பேர் ஐம்பதுக்கு மேற்பட்ட கப்பல்களில் வந்து அடைக்கலம் கேட்டார்கள். நுயென் ஆண்டவர், பக்கத்து நாட்டுக்காரனின் தோட்டத்தைக் காட்டி ‘அங்கே போய் இருங்கள்’ என்பதுபோல, கெமர் கழிமுகத்துக்கு அனுப்பி வைத்தார். மி தோவும் பியென் ஹோவாவும் அவர்கள் கையில் வளர்ந்தன. மாக் கூ என்ற இன்னொரு சீனர் மேற்குக் கடற்கரையில் ஹா தியென் என்ற துறைமுகத்தை உருவாக்கி 1708இல் நுயென்களுக்குக் கீழ்ப்பட்டார். 1698இல் நுயென் ஹூ கான் என்ற தளபதி வந்து வருவாய் நிர்வாகத்தை அமைத்தபோது 40,000 குடும்பங்கள் பதிவாயின என்கிறது பழைய குறிப்பு. ஆட்சி வருவதற்கு முன்பே ஆட்கள் வந்துவிட்டார்கள். 1757க்குள் கழிமுகம் ஏறத்தாழ முழுவதும் கைமாறியிருந்தது.

ஒன்று கவனித்தீர்களா? கழிமுகத்துக்கு வந்தவர்களும் வடக்கு வியட்நாமியர்கள் அல்லர். நடுக்கடற்கரையில் சாம் மக்களோடு சில தலைமுறை பழகியவர்களின் பிள்ளைகள் அவர்கள். இங்கே கெமர்களோடும் சீனர்களோடும் சேர்ந்தார்கள். அதனால்தான் தெற்கு வியட்நாமின் பேச்சு, சாப்பாடு, சாமி எதைத் தொட்டாலும் வடக்கிலிருந்து ஒரு விலகல் தெரியும்.

ஊர்ப் பெயரிலிருந்து தொடங்கலாம். தென்கோடியில் இருப்பது கா மாவ். வியட்நாமிய மொழியில் அந்தப் பெயருக்குப் பொருள் தேடினால் கிடைக்காது. கெமர் மொழியில் ‘தெக் க்மாவ்’, கருப்புத் தண்ணீர். சதுப்புக்காட்டில் இலை விழுந்து ஊறி அங்கே நீர் உண்மையிலேயே கறுத்திருக்கும். சோக் ட்ராங் என்பது களஞ்சிய நாடு என்ற கெமர்ப் பெயரின் திரிபு. பான் ராங் என்ற ஊர்ப் பெயரைச் சற்று உரக்கச் சொல்லிப் பாருங்கள், உள்ளே பாண்டுரங்கம் கேட்கும்.

பேச்சில் ஒரு வேடிக்கை. வடக்கே மூத்த அண்ணனை ‘ஆன் கா’, பெரிய அண்ணன் என்று கூப்பிடுவார்கள். தெற்கே மூத்தவன் ‘ஆன் ஹாய்’. ஹாய் என்றால் இரண்டு. முதல் பிள்ளையே இரண்டாவது! மூத்த பிள்ளையைக் கெட்ட ஆவி தூக்கிப் போய்விடும், அதை ஏமாற்றத்தான் என்பார்கள். குடும்பத்தின் மூத்தவர் வடக்கிலேயே தங்கிவிட்டார், தெற்கே வந்தவர்கள் எல்லாம் இளையவர்கள்தான் என்பார்கள். நுயென் ஹோவாங்குக்கே ஓர் அண்ணன் இருந்தாரே, அவருக்கு மரியாதை என்றும் சொல்வார்கள். எது சரியோ, காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்லும் அளவுக்கு இது அவர்களுக்கே சுவாரசியமான விஷயம். ஹோவாங் என்ற குடும்பப் பெயர் தெற்கே ஹுயின் ஆனதற்குக் காரணம் தெளிவு: நாட்டை ஆண்ட நுயென் ஹோவாங்கின் பெயரை வாயால் சொல்லக் கூடாது.

சாப்பாட்டுக்கு ஒரு கிண்ணம் போதும். சைகோனில் காலை நேரத்தில் ‘ஹூ தியூ நாம் வாங்’ விற்கும். ஹூ தியூ என்பது தென்சீனத்துத் தியோசூ மக்கள் கொண்டுவந்த அரிசி நூடுல்ஸின் பெயர். நாம் வாங் என்பது கம்போடியத் தலைநகர் நோம் பென்னுக்கு வியட்நாமியர் வைத்த பெயர். சீனப் பண்டம், கெமர் நகரின் முத்திரை, சைகோன் நடைபாதை ஸ்டூல். இன்னொன்று ‘பூன் மாம்’. ஊறவைத்த மீனைக் கரைத்துக் காய்ச்சிய சாற்றில் நூடுல்ஸ் போட்டது. அந்த மீன் ஊறல் கெமர் சமையலின் ‘பிரஹோக்’. வடக்கத்தியர் பலர் அதன் வாசனைக்கே எழுந்து போய்விடுவார்கள்.

கழிமுகத்திலும் ஓர் அம்மன் இருக்கிறாள். கம்போடிய எல்லையோரம் சௌ டொக் ஊரில் சாம் மலையடிவாரத்தில் (இந்தச் சாம், சாம் மக்களின் பெயரல்ல) ‘பா சுவா சூ’, இந்த மண்ணின் ஆண்டவள். உச்சியில் இருந்த சிலையைப் படைவீரர்களால் அசைக்க முடியவில்லை, ஒன்பது கன்னிப்பெண்கள் தூக்கினார்கள், அடிவாரம் வந்ததும் சிலை கனத்து நின்றுவிட்டது, அங்கேயே கோயில் கட்டினார்கள் என்பது கதை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கூட்டம். 2024இல் இந்தத் திருவிழா யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆராய்ந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? அது ஓர் ஆண் தெய்வத்தின் பழஞ்சிலை, விஷ்ணுவாக இருக்கலாம். வியட்நாமியர் வருவதற்கு ஓராயிரம் ஆண்டு முன்பு செதுக்கியது. பட்டும் நகையும் போட்டு அம்மன் ஆக்கியிருக்கிறார்கள்.

அதே அடிவாரத்தில் எதிரே தோவாய் நொக் ஹவ் என்ற அதிகாரியின் சமாதி இருக்கிறது. 1819 முதல் 1824 வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்துக்கு வின் தே கால்வாயை வெட்டுவித்தவர். வியட்நாமியருக்கு அது நாட்டை உருவாக்கிய கால்வாய். கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்ட கெமர்களின் பிள்ளைகள் சொல்வது வேறு. மூன்று கெமர் கூலிகளைக் கழுத்தளவு புதைத்து, தலைகளை அடுப்புக்கல்லாக்கி, அவற்றின் மேல் தேநீர் காய்ச்சினார்கள் என்ற கதை கம்போடியாவில் இன்றும் வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, ஒரு கால்வாயை இரண்டு கரையிலிருந்தும் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சம்பாவின் கடைசித் துண்டான பாண்டுரங்கம் பெயரளவு சுயாட்சியோடு 1832 வரை இருந்தது. பேரரசர் மின் மாங் அதையும் ஒழித்தார். உடை, உணவு, சடங்கு எல்லாவற்றிலும் வியட்நாமிய வழி என்று அதிகாரிகள் நெருக்கினார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் இரண்டு பெரிய கலகங்கள் எழுந்தன, இரண்டும் நசுக்கப்பட்டன. 2019 கணக்கெடுப்பில் வியட்நாமில் சாம் மக்கள் சுமார் 1.79 லட்சம், கெமர்கள் சுமார் 13.2 லட்சம். நாட்டின் மொத்த மக்கள்தொகை 9.6 கோடி.

தமிழ்த் தொடர்பு எங்கே என்று கேட்பீர்கள். நியா ட்ராங் அருகே கிடைத்த வோ கான் கல்வெட்டில் ‘ஸ்ரீ மாரன்’ என்ற பெயர் வருவதை வைத்து, பாண்டிய மன்னன் வியட்நாமை ஆண்டான் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றும். எழுத்து தென்னிந்திய வகையை ஒத்தது, மொழி சமஸ்கிருதம். மாறனோடு இணைத்துப் பார்த்த அறிஞர் உண்டு, அது ஒரு யூகம். அதற்குமேல் அந்தக் கல்லில் ஏற்றக் கூடாது. உறுதியான தொடர்பு சைகோனிலேயே இருக்கிறது: பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே தொழில் செய்த தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில். தமிழர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அம்மன் தனியாக விடப்படவில்லை. வியட்நாமியர்களும் சீனர்களும் ‘இந்தியப் பாட்டி கோயில்’ என்று பெயர் வைத்துக்கொண்டு வந்து, கருவறைக்குப் பின்புறக் கற்சுவரில் நெற்றியை ஒட்டி வேண்டிக்கொள்கிறார்கள். மூன்று நூற்றாண்டாகப் பழகிய கை, மூன்றாவது அம்மனுக்கும் ஊதுபத்தி ஏற்றுகிறது.

நியா ட்ராங் குன்றில் சந்திர நாள்காட்டியின் மூன்றாம் மாதம் திருவிழா நடக்கும்போது கூட்டத்தில் பெரும்பகுதி வியட்நாமியர்கள். சாம் மக்களும் வருவார்கள். ஆனால் அவர்களுக்கென்று தெற்கே, பான் ராங் அருகே ஹூ டுக் கிராமத்தில் போ இனா நாகருக்குத் தனிக் கோயில் உண்டு. அங்கே கத்தே பண்டிகை அக்டோபர் வாக்கில் வரும். அம்மனின் உடைகள் அந்தக் கோயிலில் இருப்பதில்லை. மலைமேல் வாழும் ரக்லாய் மக்கள் வீட்டில் இருக்கும். சாம் வழக்கில் குலச்சொத்தைக் காப்பவள் கடைசி மகள். ரக்லாய்கள் தங்கள் கடைக்குட்டித் தங்கை என்பது சாம் மக்களின் சொல். பண்டிகைக்கு முதல்நாள் ரக்லாய்கள் மலையிறங்கி உடைகளைக் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். மறுநாள் சிலையைக் குளிப்பாட்டி அதை உடுத்துவார்கள். விழா முடிந்ததும் துணி மலைக்குத் திரும்பிப் போகும்.